போதும் என்று சொல்லும் வேலை

கப்பலில் வேலை என்றால் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள்; பாரில் நிற்கிறவனுக்குக் கடல் என்பது அடுக்கி வைத்த கண்ணாடி கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சத்தம், அவ்வளவுதான். சூரியன் தண்ணீருக்குள் இறங்குகிற அழகான நேரத்தில்தான் எங்களுக்குக் கூட்டம் நெரியும். ஜனங்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் பாண்டி. சொந்த ஊர் பேரையூர் பக்கம், இப்போது வீடு மதுரை பழங்காநத்தத்தில். பெரிய சொகுசுக் கப்பல் ஒன்றில் பாரில் ஊற்றிக் கொடுக்கிறேன். எட்டு ஒன்பது மாதம் கப்பல், இரண்டு மூன்று மாதம் வீடு. நான் குடிப்பதில்லை. இதை ஊரில் ஒருவரும் நம்பாததால் சொல்வதையே விட்டுவிட்டேன். மண்டபத்தில் பந்தி பரிமாறியவர்கள், கடையில் நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு நின்றவர்கள், வெளியூரில் பிழைத்துக்கொண்டு வீட்டுச் சண்டையைப் போனில் தீர்த்து வைக்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பாவம் பார்த்துக்கொண்டே படித்தால் நல்லது.

மிதக்கிற பஸ் ஸ்டாண்ட்

எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஓட்டும் சேகருக்கு என் வேலையைப் புரியவைக்கிற பொறுப்பை ஒவ்வொரு லீவிலும் நான் ஏற்றுக்கொள்வேன். போன முறை முழுதாகச் சொல்லிவிடுவது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கப்பலுக்குள் பல மாடி இருக்கும், லிஃப்ட் இருக்கும், நாடகம் போடுகிற அரங்கம் இருக்கும், ஒரு மூலையில் பியானோ வாசிப்பார்கள், இன்னொரு மூலையில் ஜனங்களே மைக்கைப் பிடித்துப் பாடுவார்கள், நடுக்கூடத்தில் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள், கடைகள் வரிசையாக இருக்கும், சாப்பாடு எந்நேரமும் கிடைக்கும், எந்த மாடியில் இறங்கினாலும் ஒரு பார் இருக்கும் என்று சொன்னேன்.

சேகர் டீ கிளாஸை வாயருகே வைத்தபடி குடிக்காமல் கேட்டார். அம்புட்டுப் பேரும் எங்கே போகிறார்கள் என்றார். எங்கேயும் போகவில்லை, ஒரு வாரம் சுற்றிவிட்டு ஏறின இடத்திலேயே இறங்குவார்கள் என்றேன். இறங்கினதும் அடுத்த கூட்டம் பெட்டியோடு ஏறும் என்றும் சொன்னேன். அவர் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப அது கப்பலே இல்லண்ணே. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு அடியில தண்ணிய விட்டு மிதக்க வச்சிருக்காய்ங்க.”

மூடிய உள்ளங்கை

கப்பலுக்குப் போகும் முன் மதுரையில் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் இருந்தேன். அவருடைய லோடு வண்டியை ஓட்டுவேன், மண்டபம் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறுவேன். எங்கள் பக்கத்துப் பந்தியில் ஒருவர் ‘போதும்’ என்று சொன்னால் அது பேச்சின் ஆரம்பம்தான். அவர் கையை இலைக்குக் குறுக்கே நீட்டுவார். நாம் அந்தக் கைக்கு அடியில் கரண்டியைக் கொண்டுபோய்க் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். அவர் முறைப்பதுபோல் பார்ப்பார், பிறகு சாப்பிடுவார். சொன்னதும் நிறுத்திவிட்டோம் என்று வையுங்கள், அதே ஆள் வாசலில் நின்று, “பந்தியில ஒரு கவனிப்பே இல்லப்பா” என்பார்.

இந்தப் பழக்கத்தோடுதான் முதல் முறை கப்பலில் ஏறினேன். பியானோ வாசிக்கும் கூடத்தில் ஓர் இங்கிலாந்து அம்மாளும் கணவரும் ஒரு பாட்டில் ஒயின் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கிளாஸில் கொஞ்சம் குறைந்தால் ஓடிப்போய் நிரப்புவேன். வேண்டாம் என்பார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். அடுத்த பாட்டிலை விற்பதற்காக இதைச் சீக்கிரம் காலி செய்கிறேன் என்று கணவர் நினைத்துவிட்டார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவரோ இதற்குத் திட்டுவதா, விற்பனைத் திறமை என்று தட்டிக்கொடுப்பதா என்று விளங்காமல் நின்றார். கடைசியில் அந்த அம்மாள் உள்ளங்கையால் கிளாஸை மூடிக்கொண்டார். கை எப்போது விலகும் என்று நான் பாட்டிலோடு பவ்யமாகக் காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“நான் வேண்டாம் என்று சொன்னால் உனக்கு ஏன் இவ்வளவு வருத்தமாக இருக்கிறது?”

ரிக்கோவுக்குப் பிடித்த வார்த்தை

பார் வேலையில் ஊற்றுவது சுலபம். நிறுத்துவதுதான் பாடு. ஒருவர் அளவு தாண்டிவிட்டார் என்று தெரிந்தால் அதற்கு மேல் ஊற்றக் கூடாது, இது கப்பலின் கண்டிப்பான விதி. ஆனால் அவரிடம் ‘உங்களுக்கு ஏறிவிட்டது’ என்று சொல்லவும் கூடாது, அவர் விருந்தாளி. அதற்குச் சில வழிகள் வைத்திருக்கிறோம். கேட்காமலே ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரை முன்னால் வைப்போம். கொறிக்க ஏதாவது கொண்டுவந்து வைப்போம். கையை மெதுவாக்குவோம். ஐஸ் எடுக்கப் போகிறேன் என்று உள்ளே போனால் திரும்பி வர நேரமாகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்போம். பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறவன் கிளாஸை மறந்துவிடுவான், இது எல்லா நாட்டுக்காரருக்கும் பொருந்துகிறது.

ஒரு சிக்கல். இங்கே நிறுத்தினால் அந்த ஆள் எழுந்து அடுத்த மூலையில் உள்ள பாருக்குப் போவார். அங்கே இருப்பவனுக்கும் என் பக்கத்தில் ஊற்றுகிறவனுக்கும் தெரிய வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குப் புரியக் கூடாது. பிலிப்பைன்ஸ்காரன் ரிக்கோவும் நானும் ஒரே பாரில் நிற்கிறவர்கள், ஒரே அறையில் மேலும் கீழும் படுக்கிறவர்கள். ஒரு நாள் அவசரத்தில் நான் அவனைப் பார்த்து, “ரிக்கோ, அந்த நீலச் சட்டைக்குப் போதும்” என்று தமிழில் கத்திவிட்டேன். அவனுக்கு எப்படியோ புரிந்தது. அன்றிலிருந்து அது எங்கள் சங்கேத வார்த்தை ஆயிற்று. இந்தோனேஷியாக்காரன், பெரு நாட்டுக்காரி, எல்லோரும் இப்போது ‘போதும்’ என்கிறார்கள். ஆனாலும் ரிக்கோ அளவுக்கு அதை ரசித்துச் சொல்கிறவர் யாரும் இல்லை. காரணம் கேட்டேன்.

“நல்ல வார்த்தை பாண்டி. சொல்லி முடிக்கும்போது வாய் தானாக மூடிக்கொள்கிறது பார்.”

இரண்டு டீ கப்

ஒரு முறை சிங்கப்பூரில் இருந்து கிளம்பிய பயணத்தில் மதுரை ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று ஏறியது. நான் மதுரைக்காரன் என்று தெரிந்ததும் ஏக சந்தோஷம். முதல் நாள் சாயங்காலம் பெரியவர், அதாவது அண்ணன், தனியாக வந்து என் காதருகே குனிந்தார். “பாண்டி, விஸ்கிய டீ கப்புல ஊத்திக் குடு. தம்பி கூட இருக்கான், அவன் முன்னாடி குடிச்சா என் மரியாதை என்னாகிறது?” சரிங்கண்ணே என்றேன். அவர் போன சற்று நேரத்தில் தம்பி வந்தார். “அண்ணே, எனக்கு டீ கப்புல குடுத்திருங்க. எங்கண்ணன் முன்னாடி இன்னைக்கு வரைக்கும் நான் சிகரெட்டுகூடப் பத்த வச்சதில்ல.”

இரண்டு பேருக்கும் சாஸர் வைத்து, ஸ்பூன் வைத்து, மேஜைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிரே நடனம் நடக்கிறது. அண்ணன் ஊதி ஊதிக் குடிக்கிறார். தம்பியும் ஊதுகிறார். இப்படியே ஒன்று போய் இன்னொன்று போய், சூடே இல்லாத டீயை இருவரும் பக்தியோடு ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் பார் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவியோடு உட்கார்ந்திருந்த அண்ணனின் மனைவி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

“ஏப்பா, வீட்டுல ஒரு டீய முழுசாக் குடிக்காத ஆளுக, இங்க இம்புட்டுக் குடிக்கிறாக. அப்பிடி என்னதான் போடுற? எங்களுக்கும் ரெண்டு கொண்டா.”

பாட்டுக்காரரின் மனைவி

ஜனங்களே பாடுகிற கூடத்தில் எனக்கு வேலை இருந்த சமயம், தினமும் ஒரு பெரிய மனிதர் வருவார். அவர் ஊரில் பெரிய தொழில் நடத்துகிறவர். முதல் பாட்டை நிஜமாகவே நன்றாகப் பாடுவார். கூடமே கை தட்டும். அடுத்தடுத்த கிளாஸுக்குப் பிறகு மைக்கை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார். அதற்கும் பிறகு, வாசிக்கிறவர்களோடு சண்டை. பக்கத்தில் அவர் மனைவி எல்லோரையும் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும். நம் ஊர் விசேஷங்களில் அதே சிரிப்பை எத்தனையோ பெண்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் வைத்தேன், தள்ளிவிட்டார். வறுவல் வைத்தேன், தொடவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், கிளாஸை நீட்டினார். கடைசியில் நேராகவே, “இன்றைக்கு இவ்வளவு போதும் சார், நாளைக்கும் நீங்கள் பாட வேண்டுமே” என்றேன். முகம் சிவந்துவிட்டது. நான் யார் தெரியுமா என்றார். தெரியும் சார், கூட்டம் உங்கள் முதல் பாட்டுக்குத்தான் வருகிறது என்றேன். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அவர் கழற்றி விட்டுப் போன கோட்டை எடுக்க வந்த மனைவி, அதைக் கையில் மடித்தபடி என்னிடம் சொன்னார்:

“எனக்கு இதைச் சொல்லத் தைரியம் வந்ததே இல்லை. நீ எங்கள் வீட்டுக்கே வந்துவிடேன்.”

செல்வி கேட்டது

அந்தப் பயணம் முடிந்து லீவில் பழங்காநத்தம் வந்தேன். பெட்டியைத் திறந்து சாக்லேட் எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, என் தங்கை செல்வி அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அவள் வீடு அடுத்த தெருவில்தான். அவள் வீட்டுக்காரர் முருகேசன் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். காய்கறி மூட்டையில் இருந்து கல்யாணப் பாத்திரம் வரை ஏற்றுவார். நல்ல உழைப்பாளி, பேச்சில் கெட்டிக்காரர், என்னைக் கண்டால் உயிர். சாயங்காலம் ஆகிவிட்டால் மட்டும் கால் தானாகக் கடைப் பக்கம் போய்விடும். முன்னெல்லாம் எப்போதாவது. இப்போது வண்டியை நிறுத்தின கையோடு. போன மாதம் குடித்துவிட்டு ஓட்டி, திருவாதவூர் ரோட்டில் வண்டியை வயலுக்குள் இறக்கிவிட்டாராம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் அன்றைக்கு நெல் மூட்டை மட்டும்தான் இருந்தது என்று செல்வி சொன்னாள். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள்.

இன்னும் பத்து நாளில் அவள் மகளுக்குக் காதுகுத்து. பேரையூர் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் வைத்திருந்தார்கள். நான் தாய்மாமன், பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். கெடா வெட்டும் உண்டு. கெடா வெட்டு என்றால் கோயிலுக்குப் பின்னால் ஆண்கள் கூட்டமும் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். சாயங்காலம் திரும்பும்போது குட்டியானையை ஓட்டப்போவது முருகேசன். பின்னால் உட்காரப்போவது செல்வியும் பிள்ளையும் சொந்தக்காரப் பெண்களும். செல்வி பாத்திரத்தை விளக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நான் சொன்னா அது நச்சரிப்புண்ணே. நீ கப்பல்ல யார் யாரையோ போதும்னு நிப்பாட்டுறியே, இவர ஒரு நா நிப்பாட்டித் தர மாட்டியா?”

மோட்டார் ரூம் நிழல்

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை என்பவர் பெண் வீட்டாருக்கு வாழ்நாள் விருந்தாளி. அவருடைய இலையில் எதுவும் தீரக் கூடாது. அவரிடம் ‘போதும்’ என்று பெண்ணின் அண்ணன்காரனே சொல்வது சாதாரண விஷயம் கிடையாது. கப்பலில் ஒருவரை நிறுத்தினால் அவர் கோபித்துக்கொண்டு அடுத்த துறைமுகத்தில் இறங்கிப் போவார், நாளைக்கு வேறு முகம் வரும். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு இறங்கினால் என் தங்கை வாழ்க்கை நடுவழியில் நிற்கும். அந்தப் பத்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை என் மடியில் போட்ட கூச்சலில் மொட்டைத் தலைக்குப் பூசிய சந்தனம் முழுக்க என் சட்டையில். முருகேசன் பக்கத்தில் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார், அவர் கண்ணிலும் தண்ணீர். மத்தியானம் கறிச்சோறு இறங்குவதற்குள் ஆண்கள் ஒவ்வொருவராகக் கோயிலுக்குப் பின்னால் இருந்த தோட்டத்து மோட்டார் ரூம் நிழலுக்கு நகர்ந்தார்கள். பாட்டில்கள் தயாராக இருந்தன. எங்கள் சித்தப்பா என்னைக் கண்டதும், “வாடா கப்பலு! நீ ஊத்துனாத்தான் இன்னைக்கு ருசி” என்று பாட்டிலை என் கையில் திணித்தார். ஊற்றுகிற கை என்னுடையதாக இருந்தால் அளவும் என்னுடையதாக இருக்கும் என்று நானும் சம்மதித்தேன்.

கப்பலில் கற்ற அத்தனை வித்தையையும் அங்கே இறக்கினேன். முருகேசனுக்கு முதலில் தண்ணீர் பாக்கெட். அடுத்து ஈரல் வறுவல், தட்டு நிறைய. டம்ளர் காலியானால் கண்டுகொள்ளாமல் அடுத்தவரிடம் நகர்ந்தேன். வண்டி வாங்கின கதையைக் கேட்டேன், பிள்ளைக்கு எந்த ஸ்கூல் என்று கேட்டேன். ஆனால் கப்பலில் ஒருவருக்கு எதிரே நான் ஒருவன். இங்கே ஒருவரைச் சுற்றிப் பத்துப் பேர். “மாப்ளைக்கு ஊத்துப்பா”, “மாப்ள டம்ளரு காஞ்சு கெடக்கு”, “மாப்ளைய கவனிக்காம என்னடா கப்பல்காரன்” என்று ஆளாளுக்கு உபசரிக்கிறார்கள். ஒருவர் என் கையில் இருந்து பாட்டிலை வாங்கித் தானே ஊற்றினார். தூரத்தில் குட்டியானையின் பின்பக்கம் செல்வி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உறவுப் பெண் ஒருத்தி ஏதோ சொல்ல, அவளும் சிரித்தாள். அதே சிரிப்பு. கோட்டை மடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாளின் சிரிப்பு.

முருகேசன் டம்ளரை நீட்டினார். நான், “போதும் மாப்ள” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள். சித்தப்பா, “டேய், மாப்ளகிட்டப் பேசுற பேச்சாடா இது?” என்று எழுந்தே விட்டார். முருகேசன் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு, வேகமாக வண்டிப் பக்கம் நடந்தார். டிரைவர் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கோபத்தில் வண்டியை எடுத்துவிட்டால்? பின்னால் செல்வியும் பிள்ளையும் இருக்கிறார்கள். நான் செருப்பைக்கூடப் போடாமல் முள்ளுக்காட்டில் ஓடினேன். ஜன்னலில் கையை வைத்து மூச்சு வாங்கினேன். அவர் சாவியைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

“வண்டிய நீ ஓட்டு மச்சான். எனக்கு இன்னும் கொஞ்சம்னு சொல்ல அம்புட்டுப் பேரு இருக்காய்ங்க. போதும்னு சொல்ல ஒருத்தன்தான் இருக்க, நீயும் கப்பலுக்குப் போயிருவ.”

நேரில் சொல்ல வேண்டும்

போகத்தானே வேண்டும், போனேன். கப்பல் அப்போது ஐரோப்பாப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மதுரையில் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்களுக்கு மத்தியானம், நீச்சல் குளத்துப் பக்கம் எனக்கு வேலை. ஏறின முதல் வாரத்திலேயே முருகேசனிடம் இருந்து போன் வந்தது. பதறிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் எடுத்தேன். “ஒண்ணுமில்ல மச்சான், வண்டிய நிப்பாட்டிட்டேன். ஒரு தடவ சொல்லு” என்றார். என்ன சொல்ல என்றேன். “அன்னைக்குச் சொன்னியே, அதான்.” டின் பால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “போதும் மாப்ள, வீட்டுக்குப் போ” என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த நேரம் வந்தால் ரிக்கோ என் இடத்தையும் பார்த்துக்கொள்வான். “உன் விருந்தாளி கூப்பிடுகிறார், போ” என்பான். எல்லா நாளும் போன் வராது. வராத நாளில் எனக்குக் கை ஓடாது, எலுமிச்சை கேட்டவருக்கு ஆரஞ்சு போடுவேன். அப்படி வராத ஒரு நாளுக்கு மறுநாள் செல்வி குரலை வைத்தே அவர் குடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானாகவே முருகேசனைக் கூப்பிட்டேன். வெட்கத்தில் பேசவே மாட்டேன் என்கிறார். திட்ட மனம் வரவில்லை. யோசித்து, மாப்ள, நான் சொல்வதை ரெக்கார்டு பண்ணி அனுப்புகிறேன், தினமும் போட்டுக் கேட்டுக்கொள் என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. அவர் சொன்னார்:

“அத நானே போட்டு நானே கேட்டா, நானே எனக்குச் சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிரும் மச்சான். நான் சொன்னா நான் என்னைக்குக் கேட்டேன்? நீ நேர்ல சொல்லு.”

சிக்னல் இல்லாத நாட்கள்

பிறகு கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அந்தப் பக்கம் போகிற காலம் வந்தது. நாள் கணக்கில் கரையே தெரியாது. போதாக்குறைக்குக் கப்பலின் இன்டர்நெட்டும் படுத்துவிட்டது. விருந்தாளிகள் எல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்தார்கள். பாரில் அப்படி ஒரு கலகலப்பை நான் பார்த்ததில்லை. நான் மட்டும் மதுரைக்குச் சாயங்காலமாகிற நேரத்தில் மனதுக்குள் பழங்காநத்தம் தெருவில் நின்றேன். இந்நேரம் வண்டியை நிறுத்தியிருப்பார், இந்நேரம் போனை எடுத்திருப்பார், மணி போகாது, என்ன செய்வார்? நான் எதற்கு இந்த வேலைக்கு வந்தேன் என்றிருந்தது. எங்கிருந்தோ வந்தவருக்கெல்லாம் அளவு பார்த்து ஊற்றுகிறேன், என் தங்கை வீட்டில் விளக்கு எரிகிறதா என்று தெரியவில்லை. ரிக்கோ எனக்கு முன்னால் பெரிய கிளாஸ் தண்ணீர் ஒன்றை வைத்து, என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். என்ன செய்வது, அவனுக்குத் தெரிந்த மருத்துவம் அதுதான்.

கரை தெரிந்த அன்று போனில் செய்திகள் கொட்டின. முருகேசனின் குரல் பதிவு ஒன்று இருந்தது. திறக்கக் கை வரவில்லை. ரிக்கோதான் அழுத்தினான். முதலில் வண்டி சத்தம், பிறகு பிள்ளை ஏதோ மழலையில் கத்துகிறது, பிறகு அவர் குரல். தெளிவான குரல்.

“மச்சான், மொத நா ஒனக்குப் போன் போகல. கடை வாசல்ல வண்டியிலயே உக்காந்திருந்தேன். அப்புறம் செல்விக்குப் போட்டேன். ‘ஒங்கண்ணன் லைன்ல இல்ல, நீயாச்சும் சொல்லுடி’ன்னேன். அவ அழுதுகிட்டே சொன்னா மச்சான், ஆனா ஒன்ன விடச் சத்தமாச் சொன்னா. நான் வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாளும் கேட்டேன், சொன்னா. நீ ஒன் வேலையப் பாரு.”

கப்பலில் என் இடத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று சூப்பர்வைசர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழங்காநத்தத்தில் என் வேலைக்கு என்னைவிடச் சத்தமான ஆள் இத்தனை வருஷமாக அந்த வீட்டு அடுப்படியிலேயே நின்றிருக்கிறாள், கேட்க வேண்டிய ஆள் கேட்கத்தான் அட்லாண்டிக்கில் சிக்னல் அறுந்துபோக வேண்டியிருந்தது.